வீடு ஒன்று, கிழமை மூன்று



'முருகனது வீடு' என்று கரும்பலகையில் எழுதி, இஃது ஆறாம் வேற்றுமை, பிறிதின்கிழமைப் பொருள் என்று மாணவர்க்கு விளக்குதல் எளிது. அவ்வீடு பம்பாய் நகரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் மாடிப் பகுதியாக இருந்துவிட்டால் நம் இலக்கணம் கைகொடுப்பதில்லை. அந்நகரின் பல சங்கங்களில் கட்டடம் சங்கத்தின் உடைமை; பங்கு வாங்கிய உறுப்பினர்க்கு உள்ளது அதில் குடியிருக்கும் உரிமை. அவர் வேறொருவரைக் குடிவைத்துவிட்டால், சுவாதீனம் மூன்றாமவர் கைக்குப் போகிறது. வழக்கு முளைக்கும் இடம் இதுவே.

இதன் வேரைக் காண 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்திற்குச் செல்லவேண்டும். பழைய வீடுகளின் வாடகையை அச்சட்டம் 1940 செப்டம்பர் நிலையிலேயே கட்டி நிறுத்திற்று. ஒழுங்காக வாடகை செலுத்துவோரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. இடமின்றித் தவித்தோர்க்கு அது நிழல், வீடுடையார்க்கோ அச்சம். ஆதலின் 'வாடகை' என்று எழுதாமல் 'அனுமதி' என்று எழுதிக் குடிவைக்கத் தொடங்கினர். பதினொரு திங்களுக்கு அனுமதி, பின்னர் மீண்டும் பதினொரு திங்கள், இவ்வாறே ஆண்டுகள் பல ஓடும். குடியிருப்பவர் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து பள்ளிப் படிப்பையும் முடித்துவிடுவர்.

ஒருநாள் சங்கம் கதவைத் தட்டும். "நீர் உறுப்பினர் அல்லர், எங்கள் துணைவிதிப்படி இங்கிருத்தல் ஆகாது" என்னும். 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 91-ஆம் பிரிவில், சங்கத்தின் தொழிலைப் பற்றிய பிணக்குகளைப் பொது நீதிமன்றத்தினின்று பிரித்துக் கூட்டுறவுத் துறையின் தீர்ப்புக்கு ஒதுக்கியது. வாடகைதாரர்க்குரிய பாதுகாப்போ வாடகைச் சட்டத்தில் உள்ளது. எந்த மன்றம் விசாரிப்பது என்பதே பாதி வழக்கு. சட்டநுணுக்கம் என்று நாம் இதனைத் தள்ளிவிடலாம். வீதிக்கு வர இருக்கும் குடும்பத்திற்கு அது நுணுக்கம் அன்று.

1968-இல் உச்சநீதி மன்றம் ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்கில், வங்கிக் கட்டடத்தில் குடியிருப்பவரோடு எழுந்த பிணக்கு வங்கியின் தொழிலைப் பற்றியது ஆகாது என்றது. வீட்டுவசதிச் சங்கத்தின் தொழிலோ வீடன்றோ? 1982-இல் அம்மன்றமே, உறுப்பினரின் வீட்டில் அனுமதி முடிந்தும் வெளியேறாதிருந்தவரை அகற்றுதல் சங்கத்தின் தொழிலுக்கு உட்பட்டதே என்று கூறிற்று. சங்கங்கள் ஊக்கமுற்றன.

ஆனால், இதனிடையே மற்றொரு கணக்கும் இருந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாளன்று செல்லுபடியாகும் அனுமதியோடு குடியிருந்தோரை வாடகைதாரர் ஆக்கிவிட்டது. அத்தகைய ஒருவரைச் சங்கம் வெளியேற்ற முயன்ற வழக்கில், 1990-இல் உச்சநீதி மன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் உரிமை சட்டம் நேரே தந்தது; எனவே 91-ஆம் பிரிவின் வழியே அதனைப் பறிக்க இயலாது. இத்தீர்ப்பே நேரியது என்பது என் துணிபு. உறுப்பினர் தாமே நேரில் செய்ய முடியாததைச் சங்கத்தை முன்னிறுத்திச் செய்துகொள்ளும் வாயிலை அஃது அடைத்தது. எனினும், ஓய்வு பெற்றுத் தம் சொந்த வீட்டிற்குத் திரும்ப விரும்பி, வாயிலில் நின்ற உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் துன்பத்தையும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதிய அனுமதிகட்கு வேறு வழி வகுத்தது. காலம் முடிந்தும் வெளியேறாதவர் மீது தகுதியுடைய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். தங்கியிருக்கும் நாட்களுக்கு அவர் இருமடங்கு கட்டணம் தரவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பெறுதல் வேண்டும். பதிவைச் செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் அதில் சோம்பியிருந்தால், எந்த நிபந்தனையின்மேல் குடியேறினார் என்பது பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மறுத்து மெய்ப்பிக்கப்படும்வரை, செல்லும்.