செலவும் நடுகல்லும்



தமிழில் ‘செலவு’ என்னும் சொல் இன்று கைப்பொருள் கரைவதையே குறிக்கிறது. பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்தது. பொருள்தேடிப் புறப்படத் துணிந்த தலைவன், தலைவியைத் தேற்றும் பொருட்டுச் சற்றே தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்கல்’ என்றனர் முன்னோர். சென்றவன் மீள்வானா என்னும் ஐயம் அத்தயக்கத்தின் அடியில் கிடந்தது. அத்தகைய ஐயம் எவர்க்கும் எழாத மிகச் சிறிய செலவு ஒன்றைப் பற்றியது இவ்வுரை. தம் ஊர்க் கால்பந்துக் குழு வெளியூரில் ஆடுவதைக் காண, இங்கிலாந்து நாட்டு இரசிகர் ஒருவர் சனிக்கிழமை தோறும் மேற்கொள்ளும் செலவு அது.

அந்நாட்டுக் கால்பந்து லீக் 1888இல் 12 குழுக்களுடன் தோன்றியது. 1985இல் அதன் நான்கு பிரிவுகளிலும் சேர்ந்து 92 குழுக்கள் இருந்தன. உலகறிந்த பெருங்குழுக்கள் முதற்பிரிவில் ஆடின. கீழ்ப்பிரிவுகளில் ஆடியவை பெரும்பாலும் ஆலைநகரங்களின், சந்தை ஊர்களின் குழுக்கள். மூன்றாம் பிரிவில் இருந்த 24 குழுக்களுள் ஒவ்வொன்றும் பருவத்திற்கு 46 ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றுள் 23 ஆட்டங்கள் அயலூரில் நிகழும்.

தம் ஊரில் நிகழும் ஆட்டத்தைக் காண்பது எளிது. அயலூர் செல்வதோ அன்பின் அளவுகோல். காலையிலேயே குழுவின் நிறங்கள் கொண்ட கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பேருந்திலோ தொடர்வண்டியிலோ இரசிகர் புறப்படுகிறார். வென்றால் திரும்பும் வழியெல்லாம் பாட்டு, தோற்றால் மௌனம். கீழ்ப்பிரிவுக் குழுவின் இரசிகருக்குத் தோல்வியே பழகிய துணை. ஆயினும் அடுத்த வாரமும் அவர் செல்கிறார். ஊரைத் தேர்ந்து பிறப்பார் யாருமில்லை. குழுவும் அவர்க்கு அவ்வாறே வாய்த்தது. பெருங்குழுவுக்கு ஓர் இரசிகர் குறைந்தால் தெரியாது; சிறுகுழுவுக்குத் தெரியும். அயலூர் மைதானத்தின் மூலையில் நிற்கும் நூறு பேரின் குரல்தான் பதினொரு ஆட்டக்காரர்க்கும் அன்று சொந்த ஊர்.

அம்மைதானங்களும் தனித்தன்மை உடையவை. வரிசை வீடுகளின் இடையே திடீரென எழும் விளக்குக் கம்பங்கள், ஒருவர் ஒருவராக உள்ளே விடும் இரும்புச் சுழற்கதவு, சூடான தேநீர், இறைச்சி பொதிந்து சுட்ட அப்பம், நின்று காண்பதற்குரிய கற்படிகள், பாட்டன் காலத்து மரமாடம் ஆகியவை எந்த ஊர்க்கும் பொது. அவற்றின் பழமையை இரசிகர்கள் நேசித்தனர். அந்நேசத்தின் மறுபுறத்தையும் காட்டிற்று ஒரு நாள்.

1985 மே 11, சனிக்கிழமை. பருவத்தின் இறுதி ஆட்டம். வட இங்கிலாந்தின் கம்பளி ஆலை நகரமான பிராட்போர்டில், வேலி பரேட் என்னும் மைதானத்தில், பிராட்போர்டு சிட்டி குழுவை லிங்கன் சிட்டி குழு எதிர்கொண்டது. மூன்றாம் பிரிவுப் பட்டம் முன்பே பிராட்போர்டுக்கு உறுதியாகியிருந்தது. 1929க்குப் பின் அக்குழு பெற்ற முதற்பட்டம் அது. ஆட்டத்திற்கு முன் கோப்பை வழங்கப்பட்டது. திரண்டிருந்தோர் 11,076 பேர். மற்றவர் விழாவுக்கு விருந்தினராக வந்திருந்தது லிங்கன். இடைவேளை நெருங்கும் வேளை. இருவர் கணக்கிலும் கோல் இல்லை.

முதன்மை மாடத்தின் ஒரு முனையில், பலகைத் தரையின் கீழிருந்து புகை எழுந்தது. முதலில் அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஐந்து நிமிடம் கழிவதற்குள் மாடம் முழுவதும் எரிந்தது. தாரும் மரமும் கலந்த கூரை நெருப்பு மழையாக வீழ்ந்தது. முன்புறம் வேலி இல்லாமையால் பெரும்பாலோர் ஆடுகளத்திற்குள் குதித்து உயிர் பிழைத்தனர். தாம் வந்த வழியே வெளியேற எண்ணிப் பின்புறம் ஓடியவர்கள் பூட்டிய கதவுகளைக் கண்டனர். காவலரும் பார்வையாளரும் தீக்குள் சென்று மீட்டவர் பலர். எனினும் 56 பேர் மாண்டனர். 265 பேருக்குக் குறையாமல் காயமுற்றனர். தொலைக்காட்சிக்காக ஆட்டம் படம்பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தமையால், வீட்டில் இருந்தோரும் அன்றே அத்தீயைக் கண்டனர்.

இறந்தோருள் 54 பேர் பிராட்போர்டு குழுவின் ஆதரவாளர்கள். எஞ்சிய இருவர் லிங்கனிலிருந்து தம் குழுவைக் காண வந்தவர்கள்.

அத்தீ விதியின் செயல் அன்று. நீதிபதி பாப்பிள்வெல் தலைமையில் நிகழ்ந்த விசாரணை, பலகை இடுக்கின் வழியே விழுந்த தீக்குச்சியோ சிகரெட்டோ கீழே குவிந்து கிடந்த குப்பையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று கண்டது. எரியாமல் எஞ்சிய குப்பையுள் 1968ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒன்று இருந்தது. எனின், அக்குப்பை பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தது. அதனால் நேரக்கூடிய தீயைப் பற்றி 1984ஆம் ஆண்டிலேயே உள்ளாட்சி மன்றத்தினர் எழுத்து மூலம் எச்சரித்திருந்தனர். புதிய கூரைக்குரிய இரும்பும் வந்து சேர்ந்திருந்தது. பருவம் முடிந்ததும் வேலை தொடங்குவதாக ஏற்பாடு. பருவம் முடிய ஓர் ஆட்டத்தின் ஒரு பாதியே எஞ்சியிருந்தது.

பழமை வேறு, புறக்கணிப்பு வேறு. சிறிய ஊர்களின் மைதானங்களில் அவ்விரண்டும் ஒன்றன் முகமூடியை மற்றொன்று அணிந்திருந்தன. இரசிகரின் நேசத்தைத் தட்டாமல் ஏற்ற அந்த ஆட்ட உலகம், அவர் அமரும் பலகையின் கீழே குனிந்து பார்க்கவில்லை. இத்தீயின் விளைவாக 1987இல் விளையாட்டிடங்களின் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. இன்று கீழ்ப்பிரிவு மைதானம் ஒன்றில் அமர்ந்து ஆட்டம் காண்பவர், தாம் அறியாமலே அந்த 56 பேருக்குக் கடன்பட்டவர்.

ஆட்டம் மீண்டும் நடத்தப்படவில்லை. இரு ஊர்களுக்கும் இடையே அதனினும் பெரிய ஒன்று தொடங்கியது. பிராட்போர்டு நகரின் நடுவில் ஆண்டுதோறும் மே 11இல் நினைவுக் கூட்டம் நிகழ்கிறது. லிங்கனின் சார்பிலும் அதில் பங்கேற்கின்றனர். காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்த அனுபவத்திலிருந்து பிராட்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தீக்காய ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று எழுந்தது. வெந்த கையை உயர்த்தித் தாங்க வகுக்கப்பட்ட தொட்டில் துணி அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்த ஆராய்ச்சிக்காகக் கால்பந்து இரசிகர்கள் இன்றளவும் நிதி திரட்டுகின்றனர்.

லிங்கனில், சின்சில் பேங்க் மைதானத்தில், கோல் கம்பத்தின் பின்னுள்ள மாடத்திற்கு ‘ஸ்டேசி வெஸ்ட்’ என்று பெயர். அது திரும்பி வராத அவ்விருவரின் பெயர். மைதானத்து மாடங்களுக்குப் பெருவீரர்களின் பெயரோ பொருள் தந்தாரின் பெயரோ இடுவதே உலக வழக்கு. இவ்விருவர் கோல் அடித்தவரும் அல்லர், பொருள் கொடுத்தவரும் அல்லர். தம் ஊர்க் குழுவைக் காணச் சென்றவர்கள். அச்செலவு ஒன்றே அவர் செய்த செயல்.

களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதினர் தமிழர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. வாளேந்தி நின்றவனுக்கு நாட்டிய கல்லுக்கும், கம்பளித் துண்டணிந்து நின்றவனுக்குப் பெயரிட்ட மாடத்திற்கும் தொலைவு மிகுதிதான். எனினும் இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: தன் ஊரின் பொருட்டு அயலூர் சென்று மீளாதவனை ஊர் மறத்தல் ஆகாது.

அன்று காலை லிங்கனில் எந்த வாயிலிலும் எவரும் செலவழுங்கி நின்றிருக்கமாட்டார். மாலைக்குள் திரும்பும் பயணத்திற்குத் தயக்கம் எதற்கு? அந்தத் தயக்கமின்மையை எளிய மக்களின் உரிமையாகக் காப்பதே, ஆட்டம் நடத்துவோர்க்கும் ஊரை ஆள்வோர்க்கும் உரிய முதற்கடன். வெளியூர் ஆட்டம் காணச் சென்றவர் தோல்வியோடு வரட்டும். தொண்டை கட்டி வரட்டும். மழையில் நனைந்து வரட்டும். வீடு வந்து சேரட்டும்.