தொழில் தொடங்கிய இளைஞரும் அவர் சுமக்கும் சுமையும்





வியாபாரத்தின் சிறப்பைப் பற்றி நீங்கள் பல உரைகளில் கேட்டிருப்பீர்கள். நேர்மையான வியாபாரிக்குரிய அந்தஸ்தும், ஹலாலான உழைப்பில் கிடைக்கும் பரக்கத்தும் உங்களுக்குப் புதியவையல்ல. எனவே இன்று அவற்றை மீண்டும் எடுத்துரைக்க நான் வரவில்லை. சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கிய மனிதன், வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர் தனியே விழித்திருக்கும் அந்த இரவைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அதைப் பற்றி நமது மேடைகளில் பேசப்படுவது குறைவு.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களின் வரலாற்றை நாமனைவரும் அறிவோம். மக்காவில் சேர்த்தவற்றை விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். அன்ஸாரித் தோழரான ஸஃத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியை வழங்க முன்வந்தார்கள். இவர்களோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மாத்திரம் கேட்டறிந்து, பனூ கைனுகாஃ சந்தைக்குச் சென்றார்கள். நாம் இதைக் கூறியதும் நேராக அவர்கள் பெருஞ்செல்வந்தரான இடத்திற்குத் தாவிவிடுகின்றோம். இடையில் உள்ளதைக் கவனிப்பதில்லை. முதல் நாள் மாலை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும்தான். அடுத்த நாளும் சென்றார்கள். அதற்கடுத்த நாளும் சென்றார்கள். தமது கையில் ஒன்றுமில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. வழி தெரியாது என்பதையும் மறைக்கவில்லை.

இன்றைய இளைஞனுக்கு நெய்யும் பாலாடைக்கட்டியும் காட்டப்படுவதில்லை. அவனுக்குக் காட்டப்படுவது இறுதி அத்தியாயம். 2012ஆம் ஆண்டு துபாயில் இருவர் தொடங்கிய ‘கரீம்’ என்னும் வாடகை வாகனச் சேவையை, 2019ஆம் ஆண்டு ‘ஊபர்’ நிறுவனம் 3.1 பில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவரான முதஸ்ஸிர் ஷேக்கா பாகிஸ்தானைச் சேர்ந்தவர். நமது நாட்டிலும் ஜிஃப்ரி ஸுல்ஃபர் தொடங்கிய ‘பிக்மீ’ சேவையைப் பயன்படுத்தாத நகரவாசி இன்று அரிது. இவற்றைக் கேட்டு நமது பிள்ளைகள் உற்சாகமடைவதில் தவறில்லை. ஆனால் அவர்களுக்கு மற்றொரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும் என்பதனால் அதனைச் சற்று விரிவாகக் கூறுகின்றேன்.

இந்தியாவின் சிக்மகளூரில் கோப்பித் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்தவர் வி. ஜி. சித்தார்த்தா. 1996ஆம் ஆண்டு பெங்களூரின் பிரிகேட் வீதியில் ‘கஃபே கோப்பி டே’ என்ற முதற்கடையைத் திறந்தார். கோப்பி அருந்திக்கொண்டே இணையத்தைப் பார்க்கலாம் என்பது அக்காலத்தில் புதுமை. காலப்போக்கில் அது இந்தியா முழுவதும் 1,500க்கும் மேற்பட்ட கடைகளாகப் பெருகிற்று. 2015இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு அவர் எதிலும் குறைவில்லாத மனிதர்.

உள்ளே கடன் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். 2019 மார்ச் மாதத்தில், இருபது ஆண்டுகளாக வைத்திருந்த வேறொரு நிறுவனப் பங்குகளைச் சுமார் 3,200 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கவும் உடன்பட்டார். அதுவும் போதவில்லை. 2019 ஜூலை 29ஆம் திகதி மாலை, மங்களூருக்கு அருகே நேத்ராவதி ஆற்றுப் பாலத்தில் வாகனத்திலிருந்து இறங்கி நடந்தவர் திரும்பி வரவில்லை. இரண்டு நாட்களின் பின்னர் ஆற்றிலிருந்து உடல் மீட்கப்பட்டது.

அவரது பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. கடன் கொடுத்தோரின் நெருக்குதல், முதலீட்டாளரின் நெருக்குதல், வரி அதிகாரிகளின் நெருக்குதல் ஆகியன அதில் கூறப்பட்டிருந்தன. அவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொரு செய்தி. தமது கொடுக்கல் வாங்கல்களைக் கணக்காய்வாளர்களிடமிருந்தும், உடன் பணியாற்றியோரிடமிருந்தும், சொந்தக் குடும்பத்தாரிடமிருந்தும் மறைத்துவிட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, நிறுவனத்தின் கிளைகளிலிருந்து அவரது சொந்த நிறுவனமொன்றுக்குச் சென்று திரும்பி வராத தொகை சுமார் 2,700 கோடி ரூபா எனக் கண்டறிந்தது. பிறர் முதலிட்ட பணத்தை இவ்வாறு திருப்பியது தவறுதான். அதனை நான் நியாயப்படுத்தவில்லை. அவரது முடிவைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதும் எனது வேலையன்று. தன்னுயிரைப் போக்கிக்கொள்வதை நமது மார்க்கம் வன்மையாகத் தடுத்துள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். நான் கேட்பது இதுதான்: அத்தனை பெரிய வீட்டில், அத்தனை மனிதர்களுக்கிடையில், அவர் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு செவி ஏன் இல்லாமற் போனது?

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். அவரது மனைவி மாளவிகா ஹெக்டே 2020 டிசம்பரில் அந்நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். இலாபமற்ற கடைகள் மூடப்பட்டன. சொத்துக்கள் விற்கப்பட்டன. கடனின் பெரும்பகுதி குறைக்கப்பட்டது. வழக்குகளும் தொல்லைகளும் நீங்கிவிடவில்லை. என்றாலும் கடைகள் பல திறந்தே இருந்தன. கணவன் ஒருவராகச் சுமக்க முடியாதெனக் கருதிய சுமையைத் தூக்க வலிமையுள்ள தோள் அதே வீட்டில்தான் இருந்தது. இதனை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கின்றது.

இது பெரிய மனிதர்களின் கதை, நமக்கென்ன என எண்ணிவிடாதீர்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃப்ரீமன் என்ற உளநல மருத்துவர் தமது குழுவினருடன் 242 தொழில் முனைவோரிடம் நடத்திய ஆய்வொன்றை 2015இல் வெளியிட்டார். அவர்களில் 49 வீதமானோர் வாழ்வில் ஏதேனுமொரு உளநலப் பிரச்சினைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். மனச்சோர்வு நோயைக் குறிப்பிட்டோர் 30 வீதம். ‘ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வருமா?’ என்று சிலர் கேட்கின்றனர். ஈமான் உள்ளவனுக்குக் காய்ச்சல் வருகின்றதல்லவா? நீரிழிவு வருகின்றதல்லவா? யூஸுஃபை இழந்த துயரில் அழுது பார்வை மங்கிய யஃகூப் (அலை) அவர்களின் ஈமானில் குறை கண்டவர் யார்?

நமது நாட்டுச் சூழலைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படுவதே நிறுத்தப்பட்டது. இறக்குமதிக்கு விலை பேசி முற்பணம் வாங்கியவனும், வங்கிக் கடனில் லொறி எடுத்தவனும், வீட்டுக்கு வீடு பொருள் விநியோகித்தவனும் தாம் செய்யாத பிழைக்காக விழுந்தார்கள். புறக்கோட்டை வியாபாரம் திகதியிட்ட காசோலைகளில் ஓடுவது; ஒருவரது காசோலை திரும்பினால் அவரை நம்பி எழுதிய நால்வரது காசோலைகளும் திரும்பும். அந்நாட்களில் திரும்பிய காசோலை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம் இருந்தது.

நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அல்லாஹ்விடம் அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். அதற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மாறு செய்யவும் நேர்கின்றது என்ற கருத்தில் விளக்கமளித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள். வறுமையைச் சொல்லவில்லை, பசியைச் சொல்லவில்லை, கடன் மனிதனின் நாவுக்குச் செய்வதைச் சொன்னார்கள். ‘நாளை தருகின்றேன்’ என்ற முதற்பொய் கடன் கொடுத்தவரிடம் சொல்லப்படுகின்றது. இரண்டாவது பொய் மனைவியிடம். மூன்றாவது உம்மாவிடம்.

இளைஞர்களே, நீங்கள் தொழில் தொடங்கும்போது நண்பர்களைக் கூட்டாளிகளாகச் சேர்க்கின்றீர்கள். ‘நமக்குள் எழுத்து எதற்கு மச்சான்’ என்கின்றீர்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. நாம் அதை ஓதுகின்றோம், கொப்பியைத் திறப்பதில்லை. எவர் எவ்வளவு முதலிட்டார், எவர் உழைப்பை மட்டும் தருகின்றார், நட்டம் வந்தால் யார் தாங்குவது, ஒருவர் விலகினால் அவரது பங்கு என்னவாகும், இவையனைத்தும் முதல் ரூபா செலவாகுமுன் எழுதப்படல் வேண்டும். ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் தரும் முழாரபாவில், உழைத்தவரின் கவனக்குறைவின்றி நேர்ந்த பண நட்டத்தை முதலிட்டவரே தாங்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் தெளிவான சட்டம். இது தெரியாமல், நட்டமடைந்த கூட்டாளியிடம் மச்சான்மாரையும் மாமாமாரையும் அனுப்பி முழுத் தொகையையும் கேட்டவர்களை நான் கண்டிருக்கின்றேன். அவர்களில் முன் ஸஃப்பில் தொழுபவர்களும் இருந்தார்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மகன் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னதும் காணி உறுதியை எடுத்துக் கொடுக்கின்றீர்கள். உம்மாவின் நகை அடகுக்குப் போகின்றது. அன்பினால்தான் கொடுக்கின்றீர்கள். ஆனால் கொடுத்த நாள் முதல், ‘வீட்டில் குமர் இருக்கின்றது, நினைவிருக்கட்டும்’ என்று சாப்பாட்டு மேசையில் நினைவூட்டவும் செய்கின்றீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பும் பணத்தைப் பற்றியும் பேசுகின்றீர்கள். அப்போது அவன் வாய் மூடிக்கொள்கின்றது. திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது. இழக்கக்கூடியதை மாத்திரம் கொடுங்கள். கொடுத்த பின்னர் மாதத்தில் ஒரு நாள் கணக்கைக் கேளுங்கள். ஏசுவதற்காகவன்றி, தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

ஸகாத் நிதிகளை நிர்வகிப்போருக்கும் இங்கே இடையில் ஒன்றைக் கூற வேண்டும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டோரும் ஒருவர். நமது பட்டியல்களில் அவர்களுக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றது. காற்சட்டையும் சேர்ட்டும் அணிந்து மடிக்கணினியுடன் நடப்பவன் கடனில் மூழ்கியிருக்கமாட்டான் என எவர் சொன்னார்?

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். கணினித் துறையில் கற்றவர். 2021இல் நண்பர் இருவருடன் இணைந்து, வீடுகளுக்கு மளிகைப் பொருட்களை விநியோகிக்கும் சேவையொன்றை ஆரம்பித்தார். முடக்க காலத்தில் நன்றாகவே நடந்தது. அடுத்த ஆண்டு பெற்றோல் வரிசை வந்தது. நண்பர்கள் இருவரும் வெளிநாடு சென்றனர். அலுவலக அறையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் காலையில் சேர்ட் அணிந்து, பையைத் தோளில் மாட்டி, ‘வேலைக்குப் போய் வருகிறேன் உம்மா’ என்று சொல்லிவிட்டு வந்து நமது பள்ளியின் மேல்மாடியில் அமர்ந்திருந்தார். மூன்று மாதங்கள். அவர் இஃதிகாபில் இருக்கின்றார் போலும் என நான் நினைத்திருந்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகின்றேன்.

ஒருநாள் இஷாவுக்குப் பின்னர் அவராகவே வந்தார். “ஹஸரத், தூக்கம் வருவதில்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தேநீர் வரவழைத்தேன். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகின்றதா என நேரடியாகவே கேட்டேன். அவர் தலையைக் குனிந்தார். இவ்வாறு கேட்பதனால் இல்லாத எண்ணம் பிறந்துவிடுவதில்லை என்பதை மருத்துவர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். எனவே நீங்களும் கேட்கத் தயங்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்கு இருவரும் அங்கிருந்தே பேசினோம். அடுத்த வாரம் மருத்துவரிடமும் அவரை அழைத்துச் சென்றேன். அன்றிரவு மாத்திரம் அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவரது வீடு வரை நடந்தோம்.

அவரது வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டு உறுதியைக் கொடுத்தவர் அவர்தான். மகன் வாசலில் நின்றவாறே அனைத்தையும் சொன்னார். கோபத்தை எதிர்பார்த்து நான் முன்னால் ஓரடி எடுத்து வைத்திருந்தேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. உம்மா உள்ளேயிருந்து, “மகன் சாப்பிட்டாரா?” என்று கேட்டார். அதன் பின்னர் வாப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். பழைய அப்பியாசக் கொப்பியொன்றைத் திறந்து, “யார் யாருக்கு எவ்வளவு? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் மகன்” என்றார்.

வங்கியில் இருந்து தொடங்கினார் மகன். வாப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். “பொருள் கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பொடியனுக்குச் சம்பளம் பாக்கியா?” என்று கேட்டார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதைத்தான் முதல் வரியில் எழுதினார்.