நூறு பறவைக்கு எவ்வளவு தரவு போதும்?

என் ஆசிரியர்களே முன்வரிசையில் இருக்கும்போது தலைமை இருக்கையில் அமர்வது பெருமைதான். சற்று நடுக்கமும் உண்டு.

'போட்டித் தேர்வுகளில் தரவுப் போதுமை' என்பது இந்தப் பாலவாக்கம் கருத்தரங்கின் பொருள். கொடுத்த தரவு விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் ஜிமேட், வங்கித் தேர்வு வினாக்களின் அமைப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள். நான் வழக்காட வந்திருப்பது ஒரே ஒரு பழக்கத்தோடு. மாறிகளை எண்ணு, சமன்பாடுகளை எண்ணு, சமன்பாடு குறைந்தால் 'போதாது' என்று குறித்துவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அந்தப் பழக்கத்தோடு.

அது எங்கே தவறுகிறது என்று காட்ட ஒரு பழைய கணக்கு போதும். 1912-இல் சென்னை அரசு அச்சகம் ஒரு நூலை வெளியிட்டது. 9-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் மகாவீரரின் 'கணித சார சங்கிரகம்'. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காசாரியாரின் பதிப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. நம் ஊரில் அச்சான இந்த நூலை நம் பயிற்சிப் புத்தகங்கள் கண்டுகொள்வதே இல்லை. அதில் ஒரு கணக்கு: 5 புறா 3 பணம், 7 நாரை 5 பணம், 9 அன்னம் 7 பணம், 3 மயில் 9 பணம். 100 பணத்துக்கு 100 பறவை வாங்க வேண்டும்.

மாறி நான்கு, சமன்பாடு இரண்டு. பயிற்சி பெற்ற மாணவர் உடனே 'போதாது' என்பார். மயில் எத்தனை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விலை சொன்ன ஒவ்வொரு தொகுதியும் (5 புறா, 7 நாரை, 9 அன்னம், 3 மயில்) ஒரு கூறு. பிரிக்காமல் வாங்கும் கூறுகளின் எண்ணிக்கையை பு, நா, அ, ம என்று கொண்டால், பு + நா + அ = 3ம; நா + 2அ = 50 − 9ம். இரண்டாவதன் இடப்பக்கம் சுழிக்குக் குறையாது, 6ம-வைத் தாண்டாது. இந்த இரு அசமன்பாடுகளும் ம-வை 4, 5 என்ற இரண்டு எண்களுக்குள் அடைத்துவிடுகின்றன. மயில் 12 அல்லது 15. நான்கு வகையும் வேண்டுமென்றால் மொத்தமே ஆறு விடைகள்தான்.

இப்போது 'புறா 55-க்கு மேல்' என்று ஒரு வரி சேருங்கள். அது சமன்பாடே அல்ல. ஆனால் 60 புறா, 7 நாரை, 18 அன்னம், 15 மயில் என்ற ஒரே விடைதான் எஞ்சும்.

மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பொரு கூட்டத்தில், கூறைப் பிரிக்கக் கூடாதென்று கணக்கில் எங்கே இருக்கிறது என்று என்னை மடக்கினார். அன்று நேரம் முடிந்துவிட்டது. இன்று விடை சொல்கிறேன். பிரித்தால் விடைகள் பெருகும் என்பது மெய். ஆனால் விலையே கூறுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே கடற்கரையில் கூறு கட்டி வைத்த மீனுக்குத் தனி மீன் விலை உண்டா? கதையில் இருக்கும் நிபந்தனையைப் படித்தெடுப்பதும் இயற்கணிதத்தின் வேலைதான். நண்பர் அதை மொழிப்பாடத்துக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார், நான் சம்மதிக்கமாட்டேன்.

வினாத்தாள் அமைப்போர் பலர் இங்கே இருக்கிறீர்கள். அசமன்பாடு மட்டுமே கூடுதல் தரவாக இருந்து, அதுவே போதுமானதாகவும் இருக்கும் கணக்கு ஒன்றையாவது அடுத்த தாளில் வையுங்கள். பயிற்சி நிலையங்கள் மாறியையும் சமன்பாட்டையும் எண்ணும் அந்தச் சூத்திரத்தைத் தாமாகவே கைவிடும்.