நோய்க் காப்புறுதி நிலைபெறும் வழி
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோய் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று பணமின்றி மருந்து பெறும் நாட்டிலே நாம் வாழ்கின்றோம். குறைகள் பல உண்டு. ஆயினும் அங்கே வாசலில் நின்று கட்டணம் கேட்பார் இல்லை. அமெரிக்காவிலோ, காப்புறுதி இல்லாதவன் ஒரு சத்திரசிகிச்சையால் ஆயுட்காலச் சேமிப்பையே இழத்தல் கூடும். அங்கே அரசாங்கம் விதி வகுக்கிறது. தனியார் கம்பனிகள் காப்புறுதி விற்கின்றன. அந்தச் சந்தை நட்டப்பட்டு முறியாமல் நிலைப்பது எங்ஙனம்? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

காப்புறுதியின் தத்துவம் எளிது. பலர் சிறுதொகை இடுவர். நோயுற்ற சிலர் பெருந்தொகை பெறுவர். சுகதேகிகள் விலகினால் பெட்டியில் நோயாளர் மாத்திரமே எஞ்சுவர். தவணைப்பணம் ஏறும். ஏறினால் இன்னும் பலர் விலகுவர். இவ்வாறே பெட்டி வற்றிப்போம்.

வாஷிங்டன் மாநிலம் இதனை அனுபவித்தே அறிந்தது. நோயாளரையும் கம்பனிகள் ஏற்கவேண்டும் என 1993 இல் அம்மாநிலம் சட்டஞ் செய்தது. யாவரும் காப்புறுதி பெறவேண்டும் என்ற விதியை 1995 இல் நீக்கிவிட்டு, நோயாளரை ஏற்கும் கடமையை மட்டும் வைத்துக்கொண்டது. நோய் கண்ட பின் சேரலாம் என்றால் முன்னரே பணங் கட்டுவார் யார்? 1999 அளவில் மாநிலத்தின் பெரும்பகுதியில் தனியாள் ஒருவர் புதிதாகக் காப்புறுதி வாங்க வழியில்லாமற் போயிற்று. நோயாளருக்காகச் செய்த சட்டம் நோயாளரையே கைவிட்டது.

2010 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சட்டம் அடுப்புக்கு மூன்று கல் வைத்தாற்போல மூன்று விதிகளை வைத்தது. நோயுள்ளவரை மறுக்கலாகாது, யாவரும் சேர்தல் வேண்டும், சேராதார் தண்டம் இறுக்கவேண்டும், வருவாய் குறைந்தோர்க்கு அரசாங்கம் தவணைப்பணத்தில் உதவும். 2014 இல் இவை நடைமுறைக்கு வந்தன.

முதல் மூன்று ஆண்டுகளில் பெருநட்டம் அடையும் கம்பனிகளுக்குக் கைகொடுப்பதாகவும் அச்சட்டம் வாக்களித்தது. ஆனால் காங்கிரஸ் சபை அதற்கான பணத்தை ஒதுக்காமல் தடுத்தது. 2014 ஆம் ஆண்டுக்குரிய தொகையில் நூற்றுக்கு 12.6 வீதமே முதலிற் கிடைத்தது. புதிதாகத் தோன்றிய 23 கூட்டுறவுக் காப்புறுதி நிறுவனங்களில் பெரும்பாலானவை மூடுண்டன. அரசாங்கம் வாக்கைக் காத்தே தீரவேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2020 இல் தீர்த்தது. மூடிய கதவுகளை அத்தீர்ப்புத் திறக்கவில்லை.

2019 முதல் தண்டமும் பூச்சியமாக்கப்பட்டது. ஒரு கல் பெயர்ந்தது. ஆயினும் அடுப்புச் சரியவில்லை. ஏன்? தவணைப்பணம் ஏறினும், உதவி பெறுவோரின் பங்கு அவர்தம் வருவாய்க்கேற்பவே வரையறுக்கப்பட்டிருந்தது. ஏற்றத்தைத் திறைசேரி தாங்கியது. 2021 இல் உதவி மேலும் பெருக்கப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சமாயிருந்த சேர்ந்தோர் தொகை 2025 இல் 2 கோடி 40 இலட்சத்தை எட்டியது. பெருக்கிய உதவி 2025 முடிவோடு காலாவதியாயிற்று. உதவி குறைந்தால் முதலில் விலகுவோர் யார்? நோயில்லா இளைஞரே. பழைய ஆபத்து மீண்டும் தலைகாட்டுவது இவ்வாறுதான்.

அன்பர்களே, இதனால் நாம் அறிவது யாது? நோயாளரை ஏற்கும் கருணை மட்டும் ஒரு காப்புறுதியை நிலைநிறுத்தாது. சுகதேகிகளைச் சேர்த்துவைக்கும் கட்டாயமோ, அவர்களை ஈர்க்கும் உதவியோ வேண்டும். உதவிக்குரிய செலவை வரி இறுப்போர் மனமுவந்து ஏற்கவேண்டும். கொடுத்த வாக்கை ஆட்சி மாறினும் காக்கவேண்டும்.

‘எனக்கு நோய் இல்லையே, நான் ஏன் கட்டவேண்டும்?’ என்று இளைஞன் கேட்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் இன்று அவன் இடும் காசு அயலான் ஒருவனுக்கு அளிக்கும் தருமம் மாத்திரமன்று. முதுமையில் தான் நீட்டப்போகும் கைக்குத் தானே இடும் முற்பணமுமாம். இதனை இளைஞர் உணரும் நாட்டிலே பெட்டி வற்றாது.