அட்டைப்படப் பெண்ணின் குரல்



லாரன் பகால் என்று ஒரு அமெரிக்க நடிகை. 2014 ஆகஸ்டில், 89ஆவது வயதில், நியூயார்க்கில் காலமானார். பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்களில் பழக்கமுள்ளவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னதுமே ஒரு பார்வை ஞாபகம் வரும். முகவாயை மார்பில் படும் அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, கண்களை மட்டும் மேலே தூக்கி எதிராளியைப் பார்ப்பது. பத்திரிகைகள் அதற்கு 'தி லுக்' என்றே பெயர் வைத்துவிட்டன. வானொலியில் உட்கார்ந்துகொண்டு பார்வையைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? அதனால் அவருடைய குரலைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான்.

மாடலாக இருந்து நடிகையானவர்களுக்குப் பஞ்சமே இல்லை. புகைப்படத்தில் நின்ற மாதிரியே திரையிலும் கொஞ்ச நாள் அழகாக நின்றுவிட்டுப் போனவர்கள்தான் அவர்களில் அதிகம். பகால் அப்படிப் போகாமல் தப்பித்தது வாயைத் திறந்ததால். அந்தக் குரல் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. பத்தொன்பது வயதில், மலைச் சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, தொண்டை வலிக்க வலிக்கப் பழகிய குரல்.

1924 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் நகரத்தில், பிராங்ஸ் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் பெட்டி ஜோன் பெர்ஸ்கி. அம்மா நடாலி ருமேனியாவில் பிறந்தவர், அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். அப்பா விற்பனைப் பிரதிநிதி. பெட்டி சிறுமியாக இருக்கும்போதே இருவரும் பிரிந்துவிட்டார்கள். பிறகு அம்மா, பாட்டி, மாமாக்கள், இவர்கள்தான் குடும்பம். அப்பாவின் பெயர் போய், அம்மா வழிப் பெயரான பகால் நிலைத்தது.

பள்ளிக்கூட நாட்களிலேயே நடிப்புப் பைத்தியம். நடிகை பெட்டி டேவிஸின் படம் வந்தால் வகுப்புக்கு மட்டம் போடுகிற அளவுக்கு. பள்ளிப்படிப்பு முடிந்ததும் நியூயார்க்கில் ஒரு நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஓராண்டுதான் படிக்க முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்குப் பணமில்லை. உதவித்தொகை கேட்டால், அது ஆண்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே உடன் படித்த ஓர் ஏழைப் பையன், நியூயார்க் குளிரில் மெல்லிய கோட்டோடு நடுங்கிக்கொண்டிருந்தான். பெட்டி தன் மாமாவிடம் சொல்லி, அவருடைய கனமான பழைய கோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பையனின் பெயர் கிர்க் டக்ளஸ். பிற்பாடு ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹால் வாலிஸிடம் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னதும் பகால்தான். டக்ளஸ் கடைசிவரை அந்தக் கோட்டை மறக்கவில்லை.

படிப்பு நின்றதும் மாடல் வேலைக்குப் போனார். ஒளியும் கேமராவுமாகக் கற்பனை செய்ய வேண்டாம். நியூயார்க்கின் செவன்த் அவென்யூ, மொத்த ஜவுளி வியாபாரம் நடக்கும் தெரு. ஊர் ஊராகக் கடைக்காரர்கள் கொள்முதலுக்கு வருவார்கள். மாடல் பெண் கவுனை மாட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். துணி எப்படி என்று அவள் உடம்பில் கிடக்கும் கவுனையே தொட்டுப் பார்ப்பார்கள். வாய் பேசாமல் நிற்பதற்குத்தான் சம்பளம். சாயங்காலமானால் பிராட்வே நாடக அரங்குகளில் டார்ச் அடித்து ஜனங்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலை. நடுவே, வாய்ப்பு தேடுகிற நடிகர்களுக்கான ஒரு தகவல் பத்திரிகையை நாடகக்காரர்கள் கூடும் உணவகத்தின் வாசலில் நின்று விற்பார். பத்திரிகை விற்கிற சாக்கில் வருகிற தயாரிப்பாளர்களிடம் நாலு வார்த்தை பேசலாமே!

அப்படி அறிமுகமானவர்கள் வழியாக 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் ஃபேஷன் ஆசிரியர் டயானா வ்ரீலண்டிடம் போய்ச் சேர்ந்தார். படம் எடுத்தவர் லூயிஸ் டால்-வுல்ஃப் என்ற பெண் புகைப்படக் கலைஞர். 1943 மார்ச் இதழின் அட்டையில் பெட்டி வந்தார். போர்க்காலம். செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்ததான அறை, கதவில் பெயர் எழுதியிருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செவிலியின் நிழல். முன்னால் தொப்பியும் கையுறையுமாக இந்தப் பெண். சிரிக்கவில்லை. உள்ளே போகக் காத்திருப்பவளா, வெளியே வந்தவளா என்று தெரியாத ஒரு நிற்பு. பதினெட்டு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த அட்டையைக் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் பார்த்தார். இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸின் மனைவி நான்சி. நண்பர்கள் வட்டத்தில் அவருக்கு 'ஸ்லிம்' என்று செல்லப்பெயர். கணவரிடம் காட்டினார். "இந்தப் பெண் யார், விசாரி" என்று ஹாக்ஸ் தன் செயலாளரிடம் சொல்ல, அவர் தவறாகப் புரிந்துகொண்டு ரயில் டிக்கெட்டே அனுப்பிவிட்டார் என்பது ஹாக்ஸ் பின்னால் சொல்லிக்கொண்டிருந்த கதை. கொலம்பியா நிறுவனமும் அதே சமயத்தில் கேட்டது. 'கவர் கேர்ள்' என்ற படத்தில் நிஜமான அட்டைப்பட அழகிகளை வரிசையாக நிறுத்தும் திட்டம் அவர்களுக்கு. வரிசையில் ஒருத்தியாக நிற்பதா, ஒரே ஓர் இயக்குநரை நம்பிப் போவதா? குடும்பத்தோடு கலந்துபேசி ஹாக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு ஆண்டு ஒப்பந்தம். எனக்கென்னவோ அந்த வீட்டில் யாருக்கோ நல்ல வியாபார மூளை இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஹாக்ஸ்தான் 'லாரன்' என்று பெயர் வைத்தார். ஒப்பனைக் கூடத்தில் புருவத்தைப் பிடுங்க வேண்டும், நெற்றி முடியை மழிக்க வேண்டும், பல்லைச் சீராக்க வேண்டும் என்றார்கள். பெட்டி அலறியடித்துக்கொண்டு ஹாக்ஸிடம் போக, எதையும் தொடாதே என்று உத்தரவு வந்தது. முகம் தப்பியது. குரல்தான் ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. மூக்கால் பேசும் கீச்சுக்குரல் என்று நினைத்தார். ஆத்திரத்திலும் அழுகையிலும்கூடக் குரல் உயரக் கூடாது, தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பகால் என்ன செய்தார் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸுக்கு மேலே மல்ஹாலண்ட் டிரைவ் என்ற மலைச்சாலைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போவார். ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, 'தி ரோப்' என்ற அந்நாளைய பிரபல நாவலை உரக்க, ஆனால் தாழ்ந்த சுருதியில், பக்கம் பக்கமாக வாசிப்பார். போகிறவர் வருகிறவர் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

இதே காலத்தில் அவர் இன்னொன்றையும் தாழ்த்தி வைத்திருந்தார். ஹாக்ஸ் யூதர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசும்போதெல்லாம், தான் யூதப்பெண் என்று சொல்லத் துணிவில்லாமல் மௌனமாக இருந்ததைத் தன் சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். மலையில் கற்றுக்கொண்ட குரல் அந்த இடத்தில் உதவவில்லை.

1944இல் முதல் படம், 'டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்'. ஹெமிங்வேயின் நாவல், திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் வில்லியம் ஃபாக்னர். கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு வயது 44, பகாலுக்கு 19. முதல் காட்சியில் அவர் வாசலில் நின்று நெருப்புக் கேட்க வேண்டும், போகார்ட் தீப்பெட்டியைத் தூக்கி எறிவார், பிடித்து சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பயத்தில் கை நடுங்குகிறது, தலை நடுங்குகிறது. தலையை ஆடாமல் நிறுத்த ஒரே வழி முகவாயைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் போகார்ட் பக்கம் உயர்த்துவதுதான் என்று கண்டுபிடித்தார். உலகமே மயங்கிய 'தி லுக்' பிறந்த கதை இதுதான். பயந்த பெண் செய்த சமாளிப்பு!

படத்தில் போகார்ட் அவரை 'ஸ்லிம்' என்று கூப்பிடுவார், அவர் போகார்ட்டை 'ஸ்டீவ்' என்பார். ஹாக்ஸ் தன் மனைவியின் செல்லப்பெயரையே பாத்திரத்துக்குக் கொடுத்திருந்தார். படப்பிடிப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒப்பனை அறையில் பகால் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போகார்ட் எட்டிப்பார்த்தார், குனிந்து முத்தமிட்டார், சட்டைப்பையிலிருந்து கசங்கிய தீக்குச்சி அட்டை ஒன்றை எடுத்து அதன் பின்புறம் தொலைபேசி எண்ணை எழுதித் தரச் சொன்னார். போகார்ட் அப்போது திருமணமானவர், சண்டையும் சச்சரவுமான மூன்றாவது திருமணம். ஹாக்ஸுக்குக் கோபம். தன் கண்டுபிடிப்பு தன் கையை விட்டுப் போகிறதே! கடைசியில் ஒப்பந்தத்தை வார்னர் நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். போகார்ட் விவாகரத்து வாங்கி, 1945 மே 21 அன்று ஒஹாயோ மாநிலத்தில் எழுத்தாளர் லூயிஸ் பிரம்ஃபீல்டின் பண்ணை வீட்டில் பகாலை மணந்தார். நம் நாட்டைக் களமாக வைத்து 'தி ரெய்ன்ஸ் கேம்' நாவல் எழுதினாரே, அதே பிரம்ஃபீல்ட்தான்.

இரண்டாவதாக வெளிவந்த படம் படுதோல்வி. 'கான்ஃபிடென்ஷியல் ஏஜென்ட்'. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய விமர்சகர்களே கீழே போட்டு மிதித்தார்கள். இங்கேதான் சினிமா வியாபாரத்தின் சூட்சுமம் தெரிகிறது. அவர் நடித்து முடித்திருந்த 'தி பிக் ஸ்லீப்' அப்போது பெட்டிக்குள் இருந்தது. பகாலின் முகவர் சார்லஸ் ஃபெல்ட்மன், ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார்: முதல் படத்தில் மக்களுக்குப் பிடித்தது இந்தப் பெண்ணின் துடுக்குத்தனம், அதைக் கூட்டிச் சில காட்சிகளை மறுபடி எடுங்கள் என்று. எடுத்தார்கள். 1946இல் படம் வெளியானது. துப்பறியும் கதையில் யார் யாரைக் கொன்றார்கள் என்பது பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான், ஆனால் அந்த இருவரும் பேசிக்கொள்வதை இன்றைக்கும் அலுக்காமல் கேட்கலாம். பகாலின் வெற்றி முகத்தில் இல்லை, பதிலடியில் இருக்கிறது என்று ஃபெல்ட்மன் சரியாகக் கணித்திருந்தார்.

1951இல் இந்தத் தம்பதி வானொலிக்கும் வந்தார்கள். 'போல்ட் வென்ச்சர்' என்று ஒரு சாகசத் தொடர். ஹவானாவில் ஒரு ஓட்டல், ஒரு படகு, வாராவாரம் ஒரு வம்பு. நேரலையாக நடிக்காமல், முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டுகளில் வானொலி நிலையங்களுக்கு விற்றார்கள். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிடலாம் அல்லவா! கதைகள் சுமார் ரகம்தான். குரல்களுக்காகக் கேட்கலாம்.

அந்தக் குரலுக்கு மருத்துவ உலகத்திலும் ஓர் இடம் உண்டு. இயல்பான சுருதிக்குக் கீழே குரலை வலிந்து அமுக்கிப் பேசுகிறவர்களுக்குத் தொண்டைத் தசைகள் இறுகி, குரல் கரகரத்து, பேசினாலே களைத்துப்போகும். 1980களில் அமெரிக்கக் குரல் மருத்துவர்கள் இதற்குப் 'போகார்ட்–பகால் சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டினார்கள். பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்று பார்த்தால், நடிகர்கள், பாடகர்கள், வானொலி அறிவிப்பாளர்கள். இந்தப் பக்கம் மைக்கின் முன்னால் இருக்கும் சகாக்களின் கவனத்துக்கு!

1957 ஜனவரியில் போகார்ட் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். கடைசி நாட்களில் படியிறங்க முடியாமல், சாமான் ஏற்றி இறக்கும் சிறிய லிஃப்டில் உட்காரவைத்து மாலை நேரத்தில் நண்பர்களிடம் அழைத்து வருவார்கள். பகாலுக்கு 32 வயது, இரண்டு குழந்தைகள். போகார்ட்டின் அஸ்தியோடு ஒரு சின்னத் தங்க விசிலை வைத்தார். முதல் படத்தில் விசிலடிப்பதைப் பற்றி வருகிற ஒரு வசனத்தின் நினைவாக. பிறகு பாடகர் ஃபிராங்க் சினாட்ராவோடு நிச்சயதார்த்தம் வரை போய் முறிந்தது. நடிகர் ஜேசன் ரோபார்ட்ஸை மணந்து, ஒரு மகன் பிறந்து, 1969இல் அதுவும் விவாகரத்தானது. பத்திரிகைகளுக்கு அவர் கடைசிவரை போகார்ட்டின் விதவைதான். அது அவருக்கு எரிச்சலூட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஹாலிவுட் கைவிட்ட நடுவயதில் அவரைத் தாங்கிப் பிடித்தது நியூயார்க் மேடை. 'காக்டஸ் ஃபிளவர்' நாடகம் ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. படமாக எடுத்தபோது அவருடைய வேடத்தை இங்க்ரிட் பெர்க்மனுக்குக் கொடுத்தார்கள். 1970இல் 'அப்ளாஸ்' இசை நாடகம். 'ஆல் அபவுட் ஈவ்' படத்தின் கதையை ஒட்டியது. படத்தில் பெட்டி டேவிஸ் செய்த வேடம். மட்டம் போட்டுவிட்டு யாரைப் பார்க்க ஓடினாரோ, அவருடைய வேடத்தில் 45 வயதில் பாடி ஆடி, நாடகத்துக்கான 'டோனி' விருது வாங்கினார். 1981இல் 'வுமன் ஆஃப் த இயர்' நாடகத்துக்காக மறுபடியும் டோனி. நடுவில் தன் கதையைக் கையாலேயே எழுதி முடித்தார்: 'பை மைசெல்ஃப்', தன்னந்தனியாக என்று தலைப்பு. 1980இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. சினிமாக்காரர் சுயசரிதைகளில் படிக்கத் தகுந்தவை சொற்பம், இது அவற்றில் ஒன்று.

ஆஸ்கார் விஷயம்தான் வேடிக்கை. 1944இல் நடிக்க வந்தவருக்கு முதல் பரிந்துரை 1997இல். 'தி மிரர் ஹாஸ் டூ ஃபேசஸ்' படம், வயது 72. அவருக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்க, ஜூலியட் பினோஷின் பெயரை வாசித்தார்கள். பினோஷே மேடையில் நின்று, பகால் வாங்குவார் என்று நினைத்ததாகச் சொன்னார். 2009இல் கௌரவ ஆஸ்கார் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள்.

வயதான காலத்தில் முகத்துக்கு வேலை குறைந்தது, குரலுக்குக் குறையவில்லை. பூனை உணவு விளம்பரத்தில் அதே கரகரப்பு. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' அனிமேஷன் படத்தின் ஆங்கில வடிவத்தில் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தது அவர்தான்.

அவரை இதுவரை பார்க்காத நேயர்கள் 'தி பிக் ஸ்லீப்' படத்திலிருந்து தொடங்கலாம். போகார்ட்டும் பகாலும் காவல் நிலையத்துக்கு ஃபோன் போட்டு, ரிசீவரைக் கைமாற்றிக் கைமாற்றி, அந்தப் பக்கம் இருக்கும் பாவப்பட்ட போலீஸ்காரரைத் திணறடிக்கும் காட்சி ஒன்று வரும். கதைக்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. அதைத் தவறவிடாதீர்கள்.