கதவைத் தட்டும் பிள்ளைகள்



கடல் கடந்து வாழும் நம்மவர் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு வாதம் எழுகின்றது. அது தொலைபேசி வழியாகத் திருகோணமலைக்கும், இங்கே எங்கள் அன்புவழிபுரத்துக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றது. ரொறொன்ரோவில் இருக்கும் மகள், "அம்மா, சின்னவன் பேய் வேசம் போடப்போறானாம்" என்கிறாள். இங்கிருக்கும் தாய், "நவராத்திரி முடிஞ்சு எத்தனை நாள்? அதுக்குள்ளே பேய்க் கோலமோ பிள்ளை?" என்று கேட்கிறாள். ஹலோவீன் என்னும் அந்த வழக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் கொண்டுள்ள மாறுபட்ட கருத்துக்களையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 31 ஆம் திகதி மாலையில் பிள்ளைகள் வேடம் தரித்து, பையும் கையுமாக அயல் வீடுகளுக்குச் செல்வார்கள். "இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்று கேட்பார்கள். வீட்டார் சிரித்துக்கொண்டு சொக்லேற்றோ ரொபியோ கொடுப்பார்கள். வழக்கம் இவ்வளவுதான். அதைப் பற்றிய அபிப்பிராயங்களோ பல. பேய் வேடம் அமங்கலம் என்கிறார் சைவப் பெரியவர். சாத்தானுக்குச் செய்யும் மரியாதை என்கிறார் கிறிஸ்தவ அன்பர் ஒருவர். வீடு வீடாகக் கேட்டு வாங்குவது மானக்கேடு என்கிறார் மற்றொருவர். வகுப்பிலே எல்லாப் பிள்ளைகளும் போகும்போது நம் பிள்ளை மட்டும் ஜன்னலோரம் நின்று பார்ப்பதா என்று இளந்தாய் கேட்கிறாள். இவர்களில் எவரையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

முதலில் அமங்கலம் என்ற வாதத்தைப் பார்ப்போம். நவம்பர் முதலாம் திகதி சகல பரிசுத்தவான்களின் திருநாள். மறுநாள் மரித்த விசுவாசிகளின் நினைவுநாள். ஹலோவீன் அத்திருநாளுக்கு முந்திய மாலை. மத்திய கால இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக மன்றாடி, அதற்காகச் சிறு அப்பங்களைப் பெற்றார்கள். இறந்தவர் பெயரால் இருப்பவருக்கு உணவிடுதல் என்பது மகாளயமும் ஆடி அமாவாசையும் அறிந்த நமக்குப் புதிதன்று. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கமும் இருந்தது. அங்கிருந்து குடிபெயர்ந்தோரோடு இது வட அமெரிக்காவுக்குப் போயிற்று. "இனிப்பா, குறும்பா" என்ற கேள்வி, 1927 இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றிலேயே காணப்படுகின்றது.

பேயுருவம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் சைவர்கள், காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம். அழகிய உருவத்தை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். அறுபத்துமூவரில் ஒருவராக நாம் வணங்கும் அவரை, இறைவனே அம்மையே என்றழைத்ததாகச் சேக்கிழார் பாடினார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்கள் போர்க்களத்திலே கூழ் சமைத்துப் பரிமாறிப் படிப்போரைச் சிரிக்க வைக்கின்றன. பேயைக் கண்டு அஞ்சவும், பணியவும், சிரிக்கவும் தமிழ் இலக்கியம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

அடுத்தது மானக்கேடு என்ற வாதம். திருக்குறளில் 106 ஆவது அதிகாரம் "இரவு". அதற்கு அடுத்த 107 ஆவது அதிகாரம் "இரவச்சம்". ஒளிக்காமல் கொடுப்பவரிடம் கேட்பதில் இழிவில்லை என்னும் கருத்து முன்னதில் உண்டு. கொடுப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் கேளாதிருப்பதே மேல் என்கிறது பின்னது. வள்ளுவரே இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்திருக்கும்போது, நம் வீட்டு வாதம் ஓர் இரவில் தீர்ந்துவிடுமா?

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு நேர்த்தி வைத்தவர்கள் காளியாகவும், குரங்காகவும், அரக்கராகவும் வேடம் பூண்டு, வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று காணிக்கை வாங்கிக் கோவிலிலே செலுத்துகிறார்கள். வசதி படைத்தவரும் அந்நாட்களில் ஏந்திய கையோடு நிற்கிறார். அங்கே கேட்பது அகந்தையை இறக்கி வைப்பதற்கு. அமெரிக்கப் பிள்ளைகளும் 1950 முதல் ஹலோவீன் இரவில் யுனிசெப் நிறுவனத்துக்காக உண்டியல் ஏந்தி வந்திருக்கிறார்கள். கேட்பது தனக்காகவா, பிறருக்காகவா என்பதில்தான் மானமும் மானக்கேடும் இருக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி, பெற்றோரைப் பெரிதும் ஆட்டிவைக்கும் அச்சத்துக்கு வருவோம். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் இனிப்பில் நஞ்சோ ஊசியோ இருக்குமென்ற பேச்சு அங்கே பல்லாண்டுகளாக உலவுகிறது. ஜோயெல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1985 இல் சக ஆய்வாளர் ஒருவருடன் இதை ஆராய்ந்து எழுதினார். ஹலோவீன் இரவில் அந்நியர் கொடுத்த இனிப்பால் பிள்ளை இறந்ததாக நிரூபிக்கப்பட்ட சம்பவம் எதையும் அவர் காணவில்லை. 1974 இல் டெக்சாசில் நஞ்சுண்டு இறந்த சிறுவனுக்கு அந்த இனிப்பைக் கொடுத்தவர் பெற்ற தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக. அவ்வாறிருந்தும் அயலவர் மீதான சந்தேகம் குறையவில்லை. சட்டங்கூட வந்தது. அமெரிக்காவின் செசபீக் நகரில் 1970 இல் இயற்றிய விதி, 12 வயதுக்கு மேற்பட்டோர் இப்படி வீடு வீடாகப் போனால் ஆறு மாதம் வரை சிறை என்றது. 2019 இல்தான் வயதெல்லையை 14 ஆக்கிச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஊர் நினைவுதான் வந்தது. இரவில் கதவு தட்டப்படும் ஓசைக்கு நம் நாட்டில் வேறு பொருள் இருந்தது. 1983, 1990, 2006 ஆகிய ஆண்டுகளைக் கடந்து வந்த திருகோணமலைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று அடுத்தடுத்துக் குடியிருந்த பட்டினத்திலே, விளக்கை அணைத்து மூச்சை அடக்கியிருந்த வீடுகள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. அந்த ஓசையைச் செவியில் சுமந்து கனடா போன பாட்டி, ஹலோவீன் இரவில் கதவு தட்டப்பட்டதும் எழும்பித் திறப்பாளென்று எதிர்பார்ப்பது எளிதல்ல. திறக்க மறுக்கும் முதியவரைப் பிற்போக்கென்று பேரப்பிள்ளைகள் நகைக்க வேண்டாம். அவருடைய அச்சத்துக்கு முகமூடிப் பேய் காரணமன்று.

ஆனால் இதே காரணத்தால்தான் அவ்வழக்கத்தில் ஒரு நன்மையையும் காண்கிறேன். தட்டியது ஒரு பிள்ளை, கேட்பது ஒரு ரொபி என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிந்துகொள்வது, அஞ்சிய மனத்துக்கு மருந்து. பெயர் தெரியாத அயலவரின் முகம் தெரிகிறது. பிள்ளைக்கும் அந்த வீதியில் தன்னை வரவேற்கும் வீடுகள் உண்டென்று தெரிகிறது.

அதற்காக அன்புவழிபுரத்துக்கு ஹலோவீனை இறக்குமதி செய்ய வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. நம்மிடம் இல்லாததா? நவராத்திரியில் திருகோணமலைக்கே உரிய கும்ப விழா இருக்கிறது. வேப்பிலை சார்த்திய கும்பத்தைத் தலையிற் சுமந்து இளைஞர்கள் இரவிலே வீதி வழியே ஆடிவர, வீட்டார் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். மார்கழியில் திருவெம்பாவை பாடிச் சங்கொலியோடு வருகிறார்கள். நத்தார்க் காலத்தில் கரோல் பாடுவோர் வருகிறார்கள். நோன்பு மாதத்தில் பக்கீர் பாவாமார் றபான் அடித்து ஸஹருக்கு எழுப்புகிறார்கள். இவற்றுக்கும் பெரியவர்களின் முறைப்பாடு உண்டு. ஒலிபெருக்கி கூடிவிட்டது, சினிமாப் பாட்டுப் புகுந்துவிட்டது என்பார்கள். சொல்வதில் நியாயமும் உண்டு. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். கதவைச் சாத்திவிட்டால் வருபவர்கள் வராமலே போய்விடுவார்கள்.

கலிங்கத்துப்பரணியின் ஒரு பகுதிக்குக் "கடை திறப்பு" என்று பெயர். போரின் கதையைச் சொல்லுமுன் புலவர் வீடுதோறும் வாயிலைத் திறக்கும்படி வேண்டுகிறார். போரின் கதை முடிந்த நாட்டில் வாழும் நமக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தும். வேடம் வேண்டுமா, இனிப்பு நல்லதா, அந்நிய வழக்கம் ஆகுமா என்பவற்றைக் குடும்பங்கள் தத்தமக்கு ஏற்றபடி முடிவு செய்யட்டும். வாசலில் நிற்கும் பிள்ளை எந்த மொழியில் கூப்பிட்டாலும், யாரென்று பார்த்துத் திறக்கும் வீடுகள் நம்மிடையே பெருகட்டும்.