உழைத்துச் சேர்த்த பணத்திற்கு யார் காவல்?

(நடுவட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாம் நாலு காசு சேர்க்கிறோம். மகளின் கலியாணத்திற்கு, மகனின் படிப்பிற்கு, கை ஓய்ந்துபோகும் காலத்திற்கு என்று அதைப் பாங்கியில் போடுகிறோம். ஒருநாள் காலையில் அந்தப் பாங்கியின் கதவில் பூட்டுத் தொங்கினால் நம் கதி என்ன?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரர் கம்பெனி, அசைக்க முடியாதது என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தனர். லண்டனிலிருந்த கூட்டாளி சூதாட்ட வியாபாரத்தில் பணத்தை இறைத்துவிட்டார். தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் போட்டவர்களுக்குப் போட்ட பணம் முழுதாகக் கிடைத்ததா? இல்லை!

பாங்கி ஏன் விழுகிறது? நாம் கொடுத்த பணம் அங்கே பெட்டியில் தூங்குவதில்லை. கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடனாகக் கொடுக்கிறார்கள். பெரிய கடன்காரன் கையை விரித்தால் பாங்கி ஆட்டம் காணும். விஷயம் தெரிந்தவன் முதலில் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மலையில் கொழுந்து பறிப்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் செய்தி கடைசியில்தான் வரும். அவர்கள் போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம்தான் இருக்கும்.

1960 ஆகஸ்ட் 8 அன்று, கேரளத்தின் பெரிய பாங்கியான பாலாய் சென்ட்ரல் பாங்கியைக் கலைக்கும்படி ரிசர்வ் பாங்கியே ஹைகோர்ட்டில் மனுச் செய்தது. நாடு முழுவதும் கிலி பரவியது. அதன் பிறகே சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் பாங்கி டிபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டாயிற்று. அன்று ஆளுக்கு 1,500 ரூபாய்தான் பாதுகாப்பு. 2020 பிப்ரவரி 4 முதல் அது 5 லட்சம் ரூபாய். ஒரு பாங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து இவ்வளவு. இதற்கான சந்தாவைப் பாங்கிதான் கட்ட வேண்டும். நம்மிடம் கேட்கக் கூடாது. பாங்கியின் மீது தடை விழுந்தால் 90 நாட்களுக்குள் இந்தப் பணம் கிடைக்க வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

2020 நவம்பர் 17 அன்று கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பத்து நாளில் அதை வேறொரு பாங்கியுடன் இணைத்ததால் டிபாசிட்தாரர்கள் தப்பினர். பங்கு வாங்கியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தோழர்களே, ஒன்றை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதுகாப்பு பாங்கிகளுக்கும் கூட்டுறவு பாங்கிகளுக்கும்தான். பைனான்ஸ் கம்பெனிக்கு இல்லை; சீட்டுக் கம்பெனிக்கு இல்லை; கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்திற்கும் இல்லை. அதிக வட்டி தருகிறேன் என்று லைன் வீட்டு வாசலுக்கு வருகிறவனிடம், 'இந்தப் பணத்திற்கு இன்ஷூரன்ஸ் உண்டா?' என்று முதலில் கேளுங்கள். அவன் மழுப்பினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். தபாலாபீஸ் சேமிப்புக்கு மத்திய சர்க்காரே பொறுப்பு என்பதையும் மறக்காதீர்கள்.

போட்ட பணத்திற்கு ரசீது வாங்குங்கள். பாஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பது நம் உரிமை. ஒருவர் கேட்டால் விரட்டுவான். லைன் முழுதும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்!